எல் பாசோவையும் ஹுவாரெஸையும் ஒரே வரைபடத்தில் போட கியூஜிஐஎஸ்

அமெரிக்க–மெக்சிகோ எல்லை வரைபடங்கள் பலவற்றில் அமெரிக்கப் பக்கம் வட்டாரம் வட்டாரமாக வண்ணம் இருக்கும், மறுபக்கம் வெறும் சாம்பல் நிறம். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவின் எல் பாசோவில் சுமார் 6.8 லட்சம் பேர், ரியோ கிராண்டே ஆற்றுக்கு அக்கரையில் ஒட்டியே இருக்கும் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸில் 15 லட்சம் பேர். சாம்பல் பூசினால் மறைவது பெரிய ஊர்தான். இரண்டையும் சேர்த்துப் போட நான் நம்பியிருப்பது கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை. முழுக்க இலவசம்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இதன் பெரிய பலம், உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும் வேறுவேறு புரொஜெக்‌ஷனில் வரும் தரவை உடனே பொருத்திக் காட்டுவது. அமெரிக்கக் கணக்கெடுப்புக் கோப்புகள் நாட்83 என்ற, டிகிரியில் அளக்கும் ஆயத்தொலைவு முறையில் இருக்கும். மெக்சிகோவின் புள்ளியியல் நிறுவனமான இநெஹியின் கோப்புகள் ஐடிஆர்எஃப்2008 லாம்பர்ட் என்ற, மீட்டரில் அளக்கும் முறையில் இருக்கும். இரண்டையும் இழுத்துப் போட்டால் போதும், ஆற்றங்கரையில் வந்து சேர்ந்துகொள்ளும். 1983-இன் லா பாஸ் ஒப்பந்தம் கோட்டின் இருபுறமும் 100 கிலோமீட்டரை எல்லைப் பகுதி என்கிறது. அதை, ஒரு கோட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குப் பட்டை வரையும் பஃபர் கருவியில் போட்டுவிடலாம். ஆனால் லேயரை (தரவு அடுக்கை) முதலில் மீட்டர் அலகுள்ள புரொஜெக்‌ஷனுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் 100 என்பதை டிகிரியாக எடுத்துக்கொள்ளும்.

கவனம் தேவைப்படும் இடம் வண்ணம். மக்கள் அடர்த்தியை ஜென்க்ஸ் முறையில், அதாவது நெருங்கிய எண்களை ஒன்றாகச் சேர்த்து, வகுப்பு பிரிக்கச் சொன்னால், ஒவ்வொரு லேயருக்கும் அதன் எண்களை மட்டும் பார்த்துத் தனித்தனியாகப் பிரிக்கும். அதே அடர்சிவப்பு வடக்கே ஒரு அடர்த்தியையும் தெற்கே இன்னொரு அடர்த்தியையும் குறிக்கும். பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது, மென்பொருளும் எச்சரிக்காது. எல்லை வரைபடத்தில் இதைவிடப் பெரிய பொய் இல்லை என்பேன். அதனால் இரண்டையும் ஒரே லேயராக இணைத்து, அடர்த்தியைச் சதுர கிலோமீட்டரில் கணக்கிட்டு, அதன் பிறகே வகுப்பு பிரியுங்கள்.

அப்புறம், அலகுகளின் அளவு. அமெரிக்கக் கணக்கெடுப்பு வட்டாரமான சென்சஸ் டிராக்ட் ஏறக்குறைய 4,000 பேரை மனத்தில் வைத்து வரையப்படுவது. மெக்சிகோவின் கணக்கெடுப்பு வட்டாரமான நகர்ப்புற ஆஹெப் அதிகபட்சம் 50 தெருக்கட்டங்கள் கொண்டது. அப்படியே அடுக்கினால் ஒரு கரை பொடிப்பொடியாகவும் மறுகரை திட்டுத்திட்டாகவும் தெரியும். அறுகோணக் கட்டம் போட்டு, மக்கள்தொகையைப் பரப்பளவு விகிதத்தில் பிரித்துக் கூட்டினால் கண்ணுக்குச் சமமாகும். நகரத்துக்குள் இது நன்றாக வரும். பாலைவனத்தில் ஆளே இல்லாத இடத்திலும் ஆட்களைத் தூவிவிடும் என்பதால் அங்கே நான் செய்வதில்லை.

பெயர் எழுதுவதில் குறையே சொல்ல மாட்டேன். வளைவு லேபிளில் ரியோ கிராண்டே, அதன் மெக்சிகோப் பெயரான ரியோ பிராவோ இரண்டையும் ஆற்றின் போக்கிலேயே எழுதலாம். உச்சரிப்புக் குறிகள் உடைந்து வந்தால் லேயரின் எழுத்துக் குறியாக்கத்தை மாற்றினாலே சரியாகிவிடும்.

அச்சுக்கும் பிடிஎஃப்புக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன். உலாவியில் சொடுக்கிப் பார்க்கும் வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ்2வெப் செருகுநிரல் உண்டு. ஆனால் இத்தனை பலகோணங்களை அப்படியே ஏற்றாமல், எளிமைப்படுத்திவிட்டு ஏற்றுங்கள்.