நெக்ஸ்ட் ஜென் ஸ்டாட்ஸ்: வேகமான ரிசீவரைத் தேடும்போது எந்த எண்ணை நம்பலாம்?

ஒரு என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி "எங்களுக்கு வேகம் வேண்டும், ஆழமாக, அதாவது வெகுதூரம், எறியும் பந்தைப் பிடிக்க ரிசீவர் வேண்டும்" என்று சொன்னதும் எல்லோரும் முதலில் தூக்கிப் பிடிப்பது 40 கஜ ஓட்ட நேரத்தைத்தான். 2017-இல் ஜான் ராஸ் 4.22 வினாடியில் ஓடினார், புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் சின்சினாட்டி அவரை 9-ஆவது ஆளாக எடுத்தது. அங்கே ஒரு சீசனில்கூட அவர் 600 கஜத்தைத் தொடவில்லை. அதே ஆண்டு 4.62 ஓடிய கூப்பர் கப், 2021-இல் 1,947 கஜம் பிடித்தார். ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லவில்லை. அரைக்கால் சட்டையில், எதிரில் யாரும் இல்லாமல், நேர்க்கோட்டில் ஓடியதை அது அளந்தது, அவ்வளவுதான். ஆட்டத்துக்குள் நடப்பதை அளக்க ரசிகர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரே பெரிய கருவி லீக்கே நடத்தும் நெக்ஸ்ட் ஜென் ஸ்டாட்ஸ் தளம். ஆழமான பாஸை எடைபோட அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஷோல்டர் பேடிலும் ஸீப்ரா நிறுவனத்தின் சிப் இருக்கிறது, பந்துக்குள்ளும் ஒன்று. மைதானத்தைச் சுற்றிப் பொருத்திய அலைவாங்கிக் கருவிகள் ஆட்டக்காரரின் இடத்தை வினாடிக்கு பத்து முறை பதிவு செய்கின்றன. மணிக்கு 22 மைல் வேகத்தில் ஓடும் ஒருவர் ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையில் ஒரு கஜத்துக்குச் சற்று மேல் நகர்ந்துவிடுவார். இந்த வேலைக்கு அந்த நுணுக்கம் போதும். தளத்தில் 2016 சீசனிலிருந்து அட்டவணைகள் இருக்கின்றன.

முதலில் எல்லோரும் திறப்பது வேகப் பட்டியல். தளத்தின் பலவீனமான பகுதியும் அதுதான். பட்டியலின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: பந்தைக் கையில் வைத்து ஓடியவர்கள் மட்டும். 2016-இல் டைரீக் ஹில் தொட்ட 23.24 மைல் எதிரணி உதைத்த பந்தை எடுத்துத் திரும்ப ஓடும் ஒரு கிக் ரிட்டர்னில் வந்தது. 2020-இல் ரஹீம் மோஸ்டர்ட்டின் 23.09 மைல், 80 கஜ ஓட்டத்தில் வந்தது. இரண்டுமே ரூட் (ரிசீவர் ஓட வேண்டிய திட்டமிட்ட பாதை) ஓடிப் பந்தைப் பிடித்ததில் வந்தவை அல்ல. ரிசீவர் தலையைத் திருப்பி, பந்துக்காக வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, கையை நீட்டிப் பிடிக்கிறார். அவருடைய உச்ச வேகம் பந்து வருவதற்கு முன்பே முடிந்துபோயிருக்கும், பட்டியலில் அது ஏறாது. பந்தே வராத ஓட்டங்களுக்கு அங்கே இடமே இல்லை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2020 அக்டோபர் 25-இல் சியாட்டில்–அரிசோனா ஆட்டம். அரிசோனாவின் புடா பேக்கர் கோல் கோட்டருகே பந்தைப் பறித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓட, சியாட்டில் ரிசீவர் டி.கே. மெட்காஃப் பின்னாலிருந்து துரத்தி 8-ஆவது கஜத்தருகே மடக்கினார். மெட்காஃபின் உச்ச வேகம் 22.64 மைல், பேக்கருடையது 21.27. பந்து பேக்கர் கையில் இருந்ததால், அந்த ஓட்டத்தில் வேகப் பட்டியலுக்குத் தகுதியானவர் மெதுவாக ஓடியவர்தான்! மெட்காஃபின் ஓட்டத்தைத் தேடினால் நீண்ட டாக்கிள்களின் (துரத்தி மடக்கியவற்றின்) பட்டியலுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அந்த இரண்டு எண்களும் சேர்ந்து சொல்லும் பாடம் அருமையானது. வித்தியாசம் 1.37 மைல், அதாவது வினாடிக்கு ஏறக்குறைய முக்கால் கஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. தன்னைத் தடுக்கும் கார்னர்பேக்கைவிட இவ்வளவு வேகமான ரிசீவர் முழு வேகத்தில் மூன்று வினாடி ஓடினால் கிடைப்பது இரண்டு கஜம். அந்த இரண்டு கஜத்தை நம்பித்தான் அணிகள் முதல் சுற்றுத் தேர்வைச் செலவழிக்கின்றன.

உண்மையான சரக்கு ரிசீவிங் பக்கத்தில் இருக்கிறது. டி.ஏ.ஒய். என்ற பத்தி, ரிசீவரை நோக்கி எறிந்த பந்துகள், பந்தை வைத்துத் தொடங்கும் ஸ்கிரிமேஜ் கோட்டிலிருந்து சராசரியாக எவ்வளவு தூரம் முன்னால் போயின என்பதைச் சொல்கிறது. 14-க்கு மேல் இருந்தால் அவரை ஆழமாகவே பயன்படுத்துகிறார்கள், 7-க்குக் கீழே இருந்தால் ஸ்கிரீன், ஸ்லான்ட் போன்ற குறுகிய பாஸ் வேலை. பக்கத்தில் இருக்கும் சதவீதப் பத்தி அணியின் மொத்த ஏர் யார்ட்ஸில் (எறிந்த பந்துகள் காற்றில் முன்னால் போன தூரம்) அவருடைய பங்கு. இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். சராசரி 16, பங்கு 15 சதவீதம் என்றால் எப்போதாவது ஒருமுறை மேலே ஓடவிடும் ஆள். சராசரி 13, பங்கு 35 சதவீதத்துக்கு மேல் என்றால் எதிரணி ஒவ்வொரு ஸ்னாப்பிலும் (பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் கணம்) கவலைப்படும் ஆள்.

குஷன் என்பது ஸ்னாப் நேரத்தில் எதிரே நிற்கும் தற்காப்பாளர் விட்ட இடைவெளி. செபரேஷன் என்பது பந்து வந்து சேர்ந்த நேரத்தில் மிக அருகில் இருந்தவருக்கும் ரிசீவருக்கும் இடையே இருந்த தூரம். பலரும் தடுக்கி விழும் இடம் இந்த இரண்டாவது பத்தி. பட்டியலைச் செபரேஷன்படி வரிசைப்படுத்தினால் மேலே வருபவர்களில் பலர் குறுகிய பாஸ் வாங்குபவர்களாக இருப்பார்கள். ஸ்கிரீன் பாஸில் அருகில் யாருமே இருக்க மாட்டார்கள், 40 கஜப் பந்தில் ஒன்றரை கஜம் கிடைத்தாலே பெரிய வெற்றி. ஆகவே டி.ஏ.ஒய். ஒரே மாதிரி உள்ளவர்களுக்குள் மட்டும் செபரேஷனை ஒப்பிடுங்கள். இன்னொன்று, இவை இரண்டுமே பந்து எறியப்பட்ட ஓட்டங்களுக்கு மட்டும் கணக்கிடப்படுபவை. பின்னால் காவல் நிற்கும் சேஃப்டியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், கீழே இன்னொருவருக்கு 18 கஜ இடத்தைத் திறந்துவிட்ட வேலை எந்தப் பத்தியிலும் இல்லை. ஆழமான ரிசீவரின் பாதி மதிப்பு அதில்தான் இருக்கிறது.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் பக்கத்தைப் பார்க்காமல் ரிசீவரைத் தீர்மானிப்பது தவறு. ஐ.ஏ.ஒய். எறிய முயன்ற சராசரித் தூரம், சி.ஏ.ஒய். பிடிபட்ட பந்துகளின் சராசரித் தூரம். இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் முயற்சி இருக்கிறது, கைக்குப் பந்து சேரவில்லை என்று பொருள். டி.டி. பந்தை விட எடுக்கும் நேரம். நீளமான ரூட்டுக்கு நேரம் வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் 2023-இல் மயாமி குவார்ட்டர்பேக் டுவா டகோவாய்லோவா லீக்கிலேயே மிகச் சீக்கிரம் பந்தை விட்டவர்களில் ஒருவர், அதே ஆண்டு அவருடைய ரிசீவர் ஹில் 1,799 கஜத்தோடு முதலிடம். ஸ்னாப்புக்குச் சற்று முன்பே பக்கவாட்டில் ஓடத் தொடங்கும் மோஷன் மூலம் மயாமி அந்த நேரத்தை மிச்சம் பிடித்தது. எல்.சி.ஏ.டி. என்ற பத்தியில் 55, 60 என்று பார்த்து, அவ்வளவு கஜத்துக்குப் பாஸ் என்று குழம்ப வேண்டாம். அது கையை விட்ட இடத்திலிருந்து பிடித்த இடம் வரை நேர்க்கோட்டுத் தூரம். ஏழு கஜம் பின்வாங்கி நின்று எறிந்தால் அந்த ஏழும் அதில் சேரும்.

இப்போது ஓர் அணியை வைத்துப் பார்க்கலாம். கேன்சஸ் சிட்டி 2022 மார்ச்சில் ஹில்லை மயாமிக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு வேகத்தைத் தேடி வால்டெஸ்-ஸ்கான்ட்லிங், 2024-இல் மார்க்கீஸ் பிரவுன், அதே ஆண்டு 28-ஆவது தேர்வில் 4.21 என்ற புதிய சாதனையோடு வந்த சேவியர் வொர்தி. பிரவுன் சீசன் தொடங்கும் முன்பே தோள்பட்டை அருகே அடிபட்டார், இன்னொரு ரிசீவர் ரஷீ ரைஸ் முழங்கால் காயத்தோடு நான்காவது வாரத்தில் வெளியேறினார். தளத்தில் குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் அந்த ஆண்டு வரிசையைத் திறந்தால் ஐ.ஏ.ஒய். லீக்கின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. வேகத்தை வாங்கியாயிற்று, பந்து மட்டும் மேலே போகவில்லை. மற்றவர்களின் காயத்தால் வொர்தி நடுவிலும் ஸ்கிரிமேஜ் கோட்டருகிலும் வேலை செய்ய வேண்டியதாயிற்று. முதல் ஆட்டத்தில் பால்டிமோருக்கு எதிராக அவர் பிடித்த 35 கஜ டச்டவுனில் அருகில் ஒருவரும் இல்லை, ஏனெனில் எதிரணியின் கவரேஜ் குழம்பிவிட்டது. செபரேஷன் பத்தியில் அது மிகப் பெரிய எண்ணாக ஏறும், அதை வேகத்தின் கணக்கில் எழுதினால் ஏமாந்துபோவோம். ஓர் ஆட்டத்தின் எண்ணை நம்பாதீர்கள், 60 டார்கெட்டாவது (அவரை நோக்கி எறிந்த பந்துகள்) சேரட்டும்.

விட்டுப்போகும் விஷயங்களில் மூன்று முக்கியம். டி.டி. கணக்கில் ஸாக் (பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது) சேராது. ஆழமான ரூட்டுக்காகப் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்று விழுந்த ஆட்டங்கள் மறைந்துவிடும், அதனால் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன் மோசமாக உள்ள அணி இருப்பதைவிட நன்றாகத் தெரியும். இரண்டாவது, பாஸ் இன்டர்ஃபியரன்ஸ். 45 கஜத்தில் ரிசீவரைப் பிடித்து இழுத்தால் தவறு நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும், அணிக்கு 45 கஜம் கிடைக்கும், ஆனால் அதிகாரபூர்வக் கணக்கில் அது பாஸ் முயற்சியாகவே சேராது. வேகமான ரிசீவர்களுக்கு இதுவே பெரிய வருமானம், ஆட்டத்தின் பிளே-பை-பிளே பதிவிலிருந்து தனியாக எடுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாவது, குறைந்தபட்ச டார்கெட் வரம்பு. ஆட்டத்துக்கு இரண்டே இரண்டு ஆழமான பந்து வாங்கும் நிபுணர் சீசன் பட்டியலில் காணாமல் போய்விடுவார்.

அட்டவணையைப் பதிவிறக்கம் செய்யப் பொத்தான் இல்லாதது எரிச்சல் தருகிறது. ஆர் என்ற நிரலாக்க மொழி தெரிந்தவர்கள் என்.எஃப்.எல்.ரீடர் (nflreadr) தொகுப்பில் இதே எண்களை எடுக்கலாம், வடிகட்டவும் ஒப்பிடவும் அதுவே வசதி. ரூட் சார்ட்டுகள் தளத்தின் மிக அழகான பகுதி. ஒரு ரிசீவர் ஓர் ஆட்டத்தில் ஓடிய கோடுகள் எல்லாம் ஒரே படத்தில் வரும். அதில் எத்தனை கோடு 20 கஜத்தைத் தாண்டுகிறது என்று எண்ணி, அவற்றுள் எத்தனைக்குப் பந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முறை மேலே ஓடி ஒரு முறைதான் பந்து வந்ததென்றால், அடுத்து திறக்க வேண்டியது குவார்ட்டர்பேக்கின் டி.டி. பத்தியையும் அந்த ஆட்டத்தின் ஸாக் எண்ணிக்கையையும்.