சிகரெட் எண்ணுற ஆப்: எனக்கு சரி, வேப்புக்கு மாறுன அண்ணனுக்கு வேஸ்ட்

தினம் எத்தனை சிகரெட் பிடிக்கிறோம்னு எண்ணிக் காட்டுற ஆப் ஒண்ண ரெண்டு மாசமா போன்ல வச்சிருக்கேன். பேரு வேணாம், தேடுனா இதே அச்சுல பத்து வரும். நான் பெங்களூர் அல்சூர்ல இருக்கேன், ஆபீஸ் மாரத்தஹள்ளி. ஆப்ப போடச் சொன்னது லண்டன்ல இருக்குற பெரியப்பா பையன், அண்ணன் அங்க சிகரெட்ட விட்டுட்டு வேப்புக்கு (நிக்கோட்டின் லிக்விட்ட சூடாக்கி ஆவியா இழுக்குற இ-சிகரெட்) மாறப் போறேன்னு ஆரம்பிச்சாரு, நீயும் போடுடா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிக்கலாம்னாரு. நமக்கு இங்க வேப் 2019லயே தடை, விக்கிறவன் முதல் தடவை மாட்டுனாலே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். தெருவுல ஒளிச்சு விக்கிறான்தான், உள்ள என்ன ஊத்திருக்கான்னு யாருக்குத் தெரியும். நான் மெடிக்கல் ஷாப்ல 2 எம்ஜி நிக்கோட்டின் கம், சிகரெட்டுக்குப் பதிலா மெல்றது, வாங்கிக்கிட்டேன்.

ஆரம்பத்துலயே பாக்கெட்ல எத்தனை, என்ன விலைன்னு கேக்குது, 20ன்னு அதுவே போட்டு வச்சிருக்கு. யூகேல 2017லருந்து 20க்கு கம்மியான பாக்கெட்டே விக்கக் கூடாது, அண்ணனுக்கு சரி. நான் எங்க பாக்கெட் வாங்குனேன், பேக்கரில டீயோட ரெண்டு லூஸ் (கர்நாடகால லூஸ் விக்கக் கூடாதுதான், கடக்காரருக்கு அது யாரு சொல்றது). அதனால மிச்சமான காசுன்னு காட்டுற கணக்கு மொத்தமும் டுபாக்கூர்.

ஆனா ஒண்ணு, பத்த வைக்கும்போதே தட்டுனா நேரம் பதிஞ்சிரும், எங்க இருக்க, யாரு கூட இருக்க, ஆசை பத்துக்கு எத்தனைன்னு கேக்கும். இது மட்டும் உருப்படியான விஷயம். டென்ஷன்லதான் பிடிக்கிறேன்னு வீட்டுல கதை விட்டுட்டு இருந்தவன் நான், முதல் வாரம் பாத்தா ஒரு நாளைக்கு பதினொண்ணு, அதுல எட்டு பேக்கரி வாசல்ல, எவனாவது வா மச்சின்னு கூப்ட்டதுக்குப் போனது, ஆசைக்கு நானே போட்ட மார்க்கு மூணு நாலு. நிஜமாவே வேணும்னு இருந்தது காலைல ஒண்ணுதான், அது இல்லாம பாத்ரூம் போக முடியாத ரகம்.

எரிச்சல் என்னன்னா நடுவுல அதுவா வந்து இப்ப புகைக்கணும்னு தோணுதான்னு கேக்கும். டொம்லூர் ஃப்ளைஓவர்ல மாட்டிக்கிட்டு சிவனேன்னு பாட்டு கேட்டுட்டு இருக்கறவன எழுப்பி இப்படி கேட்டா தோணாம என்ன பண்ணும்? செட்டிங்ஸ்ல போய் அத மொதல்ல ஆஃப் பண்ணுங்க.

அண்ணன் கதைதான் பெருசு. மூணாவது வாரம் அவர் ஸ்க்ரீன்ஷாட்ல பதினஞ்சு சிகரெட் நாலா இறங்கிருச்சு, ஆப் பட்டாசு வெடிக்குது. வேப்னு தனியா ஒரு பட்டன் இருக்கு, தட்டுனா எத்தனை தடவைன்னு கேக்குது. தடவைன்னா எது? ஒரு இழுப்பா, பாக்கெட்லருந்து எடுத்து திருப்பி வைக்கிற வரைக்குமா? சிகரெட் அதுவா எரிஞ்சு முடிஞ்சிரும், வெளிய போகணும், குளிர்ல நிக்கணும். வேப் முடியவே முடியாது. கால் பேசும்போது பாத்தேன், சோஃபால இழுக்குறாரு, சமையல் நடுவுல இழுக்குறாரு, அண்ணி சொல்றாங்க ராத்திரி முழிப்பு வந்தா தலகாணிக்கு அடிலருந்து எடுக்குறாராம். அன்னிக்கு அவர் ஆப்ல போட்டது ஆறு.

நான் கேட்டா ஒரு ஆராய்ச்சிய தூக்கிப் போட்டாரு, 2019ல இங்கிலாந்துல 886 பேர வச்சு பண்ணது, ஒரு வருஷம் கழிச்சு வேப் குடுத்தவங்கள்ல 18 சதவீதம் பேர் சிகரெட்ட விட்டிருக்காங்க, கம், தோல்ல ஒட்டிக்கிற நிக்கோட்டின் பேட்ச் மாதிரி குடுத்தவங்கள்ல 9.9. வாஸ்தவம், ஆனா அதே ஆராய்ச்சில விட்டவங்கள்ல வேப் ஆளுங்க 80 சதவீதம் பேர் அப்பவும் வேப் இழுத்துட்டுதான் இருந்தாங்க, இந்தப் பக்கம் 9 சதவீதம்தான் இன்னும் கம்மு பேட்ச்ல இருந்தாங்க. அண்ணன் அந்த வரிய படிக்கல போல. சிகரெட் புகைய விட வேப் தேவலாம்தான், நான் அத இல்லங்கல. ஆனா நாலு சிகரெட்டும் இருக்கு, வேப்பும் இருக்கு, அத ஜெயிச்சாச்சுன்னு பச்சைக் கலர்ல காட்டுற ஆப்ப என்ன சொல்ல. கடைசில வேப்புக்கு மட்டும் லிக்விட் பாட்டில் எத்தனை நாள் வருதுன்னு காலண்டர்ல எழுதச் சொன்னேன், அதுல தெரிஞ்சுது ஏறிட்டே போறது.

கம் பத்தியும் ஆப்ல ஒரு வார்த்தை இல்ல. சூயிங்கம் மாதிரி மென்னுட்டு விக்கல் வந்து தவிச்சேன். சிகரெட்ட விட உதவி பண்ற ஹெல்ப்லைன், சிகரெட் பாக்கெட்லயே போட்டிருக்குற 1800-11-2356க்கு போன் பண்ணேன், அதுல ஒரு சென்டர் நம்ம பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில இருக்கு, தமிழ்லயே பேசுனாங்க. மெதுவா மெல்லணும், சுருக்குன்னு வந்ததும் கன்னத்துல ஒதுக்கிரணும், டீ காபி குடிச்ச உடனே போட்டா ஏறாது, கால் மணி நேரம் விடணும்னு சொன்னாங்க. அவங்க கேட்ட முதல் கேள்வியே எந்திரிச்சு எவ்ளோ நேரத்துல முதல் சிகரெட்டுங்கறதுதான், நம்ம எவ்ளோ அடிமைன்னு எண்ணிக்கைய விட அதுலதான் ஜாஸ்தி தெரியுமாம். ஆப்ல நேரம் எல்லாம் இருந்தும் இத எங்கயும் காட்டல, நானே ஸ்க்ரோல் பண்ணி எடுத்தேன், இருபது நிமிஷம். இப்ப பத்தரைக்கு தள்ளியிருக்கேன், மொத்தம் மூணு.

அஞ்சுக்கு ரெண்டரை. சிகரெட் மட்டும்னா ஃப்ரீ வெர்ஷன் போதும், கிராஃப் டவுன்லோட் பண்ண காசு கேப்பான், குடுக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க.