ஆரல்வாய்மொழிப் பாறை நிலத்தில் பிரண்டை: வருடக்கணக்கான அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழியில் எங்கள் விளையின் (தோட்டத்தின்) கிழக்கு ஓரம் முழுக்கப் பாறை. கடப்பாரை போட்டால் ‘ணங்’ என்று நிற்கும். மேலே ஒரு சாண்கூடத் தேறாத சரள் மண். செம்பருத்தி அங்கே ஒரு கோடைகூடத் தாண்டவில்லை. பிரண்டை மட்டும் ஒக்கிப் புயலுக்கு முந்தைய வருடம் நட்டதிலிருந்து இன்றுவரை நிற்கிறது.

நட்டது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இரண்டு மூன்று கணு உள்ள தண்டை ஒடித்து, வெட்டுவாய் உலரும்வரை நிழலில் போட்டு, ஒரு கணு மட்டும் மண்ணுக்குள் இருக்கும்படி கல்லிடுக்கில் செருகினோம். வேர் பிடிக்கும்வரை கொஞ்சம் தண்ணீர் தெளித்தோம், அவ்வளவுதான். உரம் எதுவும் இதுவரை வைத்ததில்லை.

எங்கள் ஊர் மழைக் கணக்கு வேறு. ஆனி, ஆடியில் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் மழை வெளுத்து வாங்கும். மலைக் கணவாயின் வாயில் இருக்கும் எங்களுக்குக் காற்றும் சாரலும்தான். முப்பந்தல் காற்றாலைகள் சும்மாவா அங்கே நிற்கின்றன? நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். நடுவில் உள்ள வறட்சியில் பிரண்டை என்ன செய்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால் புரியும். இலைகளை முதலில் உதிர்த்துவிடும். தண்டின் நான்கு பட்டைகளும் ஒடுங்கி, விளிம்பு தவிட்டு நிறமாகி, தொட்டால் பழைய தோல்வார் மாதிரி இருக்கும். செத்துவிட்டது என்றே தோன்றும். ஒரு நல்ல மழை விழட்டும்; சில நாளில் தண்டு உப்பி, கணுவுக்குக் கணு இலையும் அதற்கு எதிரே பற்றுக்கம்பியும் வந்துவிடும். பகலில் தண்டிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு இரவில் கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேமிக்கும் வகைச் செடி இது. அதனால்தான் தண்டில் உள்ள ஈரம் அவ்வளவு நாள் தாங்குகிறது.

ஆடிக் காற்றில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். வெறும் கம்பியில் ஏற்றினால் காற்று ஆட்டி ஆட்டிக் கணுவில் ஒடித்துவிடும். கல் மதில்மேல் படரவிட்டால் பிரச்சினை இல்லை. ஒரு கொடி முருங்கையில் ஏறியிருந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கியில் முருங்கை அடியோடு சாய்ந்தது. அதோடு விழுந்த பிரண்டை, மண்ணைத் தொட்ட கணுவிலெல்லாம் வேர் விட்டு, இப்போது அங்கேயும் ஒரு புதர்.

எல்லா இடத்துக்கும் இது சரிவராது. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி வீடு உள்ள என் மதினி இங்கிருந்தே தண்டு கொண்டுபோய் நட்டாள். நிழலில் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, ஆனி மழையில் அடிப்பக்கம் அழுகிவிட்டது. வெயிலும் வடிகிற மண்ணும் இல்லாவிட்டால் பிரண்டை வேண்டாம் என்பேன். தொட்டியில் வைத்து தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இனி சமையல். நுனியிலிருந்து ஒடித்துக்கொண்டே வர வேண்டும். ‘டக்’கென்று ஒடிந்தால் இளசு, நார் இழுத்துக்கொண்டு வந்தால் அதற்குக் கீழே தொட வேண்டாம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பட்டை ஓரங்களைச் சீவுங்கள், இல்லாவிட்டால் அதிலுள்ள ஆக்சலேட் ஊசிகள் அரிப்பைக் காட்டிவிடும். துண்டுகளை எண்ணெயில் பச்சை நிறம் மாறி சுருங்கும்வரை வதக்கி, உளுந்தம்பருப்பு, வத்தல் மிளகாய், தேங்காய், தாராளமாகப் புளி வைத்து அரைத்தால் துவையல். வதக்குவதில் அவசரப்பட்டால் தொண்டை கரகரக்கும். மழைக்குப் பின் வரும் தளிர்தான் ருசி; சித்திரைத் தண்டு எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிப்பதில்லை. எலும்பு ஒட்டும், மூட்டு வலி போகும் என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. நான் வளர்ப்பது துவையலுக்காக. வைத்தியத்தை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சித் தொல்லை குறைவு. எப்போதாவது வாலில் கொம்பு வைத்த தடித்த புழு தளிரை மேயும், கையால் எடுத்துப் போட்டால் போதும். சிவப்புப் பழங்களைக் கொண்டைக்குருவிகள் பார்த்துக்கொள்கின்றன.

ஒரே குறை, அடங்காது. பக்கத்தில் இருந்த பிச்சிக் கொடியை மூடியே விட்டது. பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளைப் பக்கத்துக்காரர்கள் நாங்கள், பிச்சியை விட்டுக்கொடுப்போமா? அதனால் புரட்டாசியில், மழைக்கு முன், அரிவாளை எடுத்து ஓரம் கட்டிவிடுகிறோம். வெட்டியதைப் பாறைமேல் வாரக்கணக்கில் காயவிட்டு அப்புறம்தான் எருக்குழிக்குக் கொண்டுபோகிறோம். பச்சையாகப் போட்டால் குழிக்குள்ளேயே முளைத்துவிடும்.