ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ரிவ்யூ: ஒயர்லெஸ்ஸ கண்ணால பாக்க ஒரு யூஎஸ்பி குச்சி

தீர்ப்ப மொதல்லயே சொல்லிடுறேன், பொறுமை இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். பாட்டு கேக்கணும்னு மட்டும் ஆசைன்னா இத வாங்காதீங்க, சாதா எஃப்எம் ரேடியோவே இதவிட நல்லா பாடும். ஆனா ஒயர்லெஸ் ஒயர்லெஸ்னு தெனமும் சொல்றோமே, நம்ம தலைக்கு மேல அப்படி என்னதான் ஓடுது, ஒரு போன் எப்படி இன்னொண்ண கண்டுபிடிக்குது, சிக்னல் வீக்குன்னா என்னதான் அர்த்தம், இப்படியெல்லாம் மண்டைய கொடையுற ஆளா இருந்தீங்கன்னா இதுக்கு செலவு பண்ற காசு வீண் போகாது.

பொருள் என்னன்னா, பென் டிரைவ் சைஸ்ல ஒரு யூஎஸ்பி ரிசீவர், எஸ்டிஆர்னா பெரும்பாலான வேலைய கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரே செய்யுற ரேடியோ. இது பொறந்தது கம்ப்யூட்டர்ல டிவி பாக்குறதுக்கு. உள்ள ஆர்டிஎல்2832யூன்னு ஒரு சிப், அதுக்கு முன்னாடி வேணுங்கற அதிர்வெண்ண புடிச்சுக் குடுக்க ஆர்820டி2ன்னு ஒரு ட்யூனர். 2012-ல லினக்ஸ் டிரைவர் எழுதுற சிலர் இந்த சிப்ப நோண்டினப்ப, டிவி சிக்னல டீகோட் பண்ணாம ஆன்டெனால வந்தத அப்படியே பச்சையா கம்ப்யூட்டருக்கு அனுப்புற ஒரு வழி இதுல இருக்குன்னு தெரிஞ்சுது. ஆஸ்மோகாம்ங்கிற ஓப்பன் சோர்ஸ் குழு அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதி வெளியிட்டாங்க, அதோட டிவி குச்சி ரேடியோ லேப் ஆயிடுச்சு. சுமார் 24 மெகாஹெர்ட்ஸ்லேர்ந்து 1766 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் எங்க வேணாலும் ட்யூன் பண்ணலாம், ஆனா ஒரு நேரத்துல 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் தெரியும். அத ஒரு ஜன்னல்னு வெச்சுக்கங்க, தள்ளித் தள்ளித்தான் பாக்கணும்.

இன்ஸ்டால் பண்றது கொஞ்சம் கடுப்பு. விண்டோஸ்ல சொருகினதும் அது தானா டிவி டிரைவர போட்டுக்கும், ஸாடிக்னு ஒரு சின்ன டூல் வெச்சு அத மாத்தணும், மாத்தும்போது லிஸ்ட்ல உங்க கீபோர்டயோ மவுஸயோ தேர்வு பண்ணிட்டீங்கன்னா அது செத்துரும், அதனால பேர ரெண்டு தடவ படிச்சுட்டு அமுக்குங்க. லினக்ஸ்லயும் அதே கதைதான், கெர்னல் தானா ஏத்துற டிவி டிரைவர ஏத்தாதேன்னு பிளாக்லிஸ்ட் பண்ணணும். அதுக்கப்புறம் சிக்னல பாக்க, கேக்க எஸ்டிஆர்ஷார்ப், எஸ்டிஆர் பிளஸ்பிளஸ், ஜிக்யூஆர்எக்ஸ்னு ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்கலாம், எல்லாமே இலவசம்.

ஓப்பன் பண்ணி எஃப்எம் பக்கம் போனீங்கன்னா மேல ஒரு கிராஃப் குதிக்கும், கீழ வாட்டர்ஃபால்னு ஒண்ணு, நேரம் ஆக ஆக கலர் கலரா கீழ எறங்கிட்டே இருக்கும். ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு தடிச்ச பட்டை. இதுல ஒண்ண நல்லா ஜூம் பண்ணி பாருங்க. பாட்டு ஓடும்போது பட்டை அகலமா கொந்தளிக்கும், அறிவிப்பாளர் பேசி மூச்சு விடுற அந்த கேப்ல சட்டுன்னு சுருங்கி நடுவுல ஒரே கோடு, அதுக்கு ரெண்டு பக்கமும் 19 கிலோஹெர்ட்ஸ் தள்ளி சின்ன சின்னதா ரெண்டு கோடு. நடுக்கோடுதான் கேரியர், அதாவது சத்தத்த சுமந்துக்கிட்டு வர்ற அடிப்படை அலை. பக்கத்துல உள்ளது ஸ்டீரியோ இருக்குன்னு ரேடியோவுக்கு சொல்ற பைலட். எஃப்எம்ல சத்தத்துக்கு ஏத்த மாதிரி அலையோட உயரம் மாறாது, அதிர்வெண்தான் 75 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடும்னு புக்ல படிச்சிருப்போம் பாருங்க, அது அப்படியே திரையில ஆடுது. எனக்கு இந்த ஒரு காட்சிக்கே போட்ட காசு வந்துருச்சு.

கூட வர்ற ஆன்டெனா பத்தி. ரெண்டு நீட்டிச் சுருக்குற கம்பி இருக்கும், டைபோல்னு சொல்வாங்க. எவ்வளவு நீட்டணும்னு நெறைய பேர் கேக்குறாங்க, கணக்கு ரொம்ப சுலபம். ரேடியோ அலை செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுது, அதனால 300-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா ஒரு அலையோட நீளம் மீட்டர்ல வந்துரும். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம்னா 3 மீட்டர், அதுல கால்வாசி 75 சென்டிமீட்டர் ஒவ்வொரு கம்பிக்கும். விமானம் பேசுற 1090 மெகாஹெர்ட்ஸ்னா கம்பி ஏழு சென்டிமீட்டர் இருந்தா போதும். அனுப்புற பக்கம் கம்பியில எலெக்ட்ரான் முன்னும் பின்னும் ஆட்டி விடுறாங்க, அந்த ஆட்டம் மின்புலமும் காந்தப்புலமுமா கெளம்பி வந்து நம்ம கம்பில இருக்குற எலெக்ட்ரான கொஞ்சூண்டு ஆட்டுது, மொத்த வித்தையும் இதான், நடுவுல காத்து கூட தேவையில்ல. கம்பி நீளம் அலைக்கு பொருந்தினா ஆட்டம் நல்லா ஏறும். நின்னாப்புல வர்ற அலைக்கு கம்பிய படுக்க வெச்சா சிக்னல் நல்லாவே மங்கும். வாட்டர்ஃபால பாத்துட்டே கம்பிய சாய்ச்சா மங்குறது நேராவே தெரியும். வைஃபை ரவுட்டர் ஆன்டெனாவ ஆளாளுக்கு ஒரு திசையில வளைச்சு வெக்கிறாங்களே, அவங்க எல்லாரும் இத ஒரு தடவ பாக்கணும்.

அடுத்து கார் சாவி. பல ஊர்ல இது 433.92 மெகாஹெர்ட்ஸ்ல இருக்கும், அங்க ட்யூன் பண்ணி வெச்சுட்டு உங்க சாவிய அமுக்கினா திரையில ஒரு பளிச். அத ரெக்கார்ட் பண்ணி விரிச்சு பாத்தா பல சாவில கேரியர் இருக்கு, இல்ல, இருக்கு, இல்லன்னு ஆன் ஆஃப் பண்ணியே சேதி சொல்றது தெரியும். இதே எடத்துல பக்கத்து வீட்டு வெப்பமானி, கேட் ரிமோட், சில கார்களோட டயர் பிரஷர் சென்சார்னு ஆளாளுக்கு அப்பப்ப ஒரு வார்த்தை கத்திட்டு போகும். ஒருத்தரும் ஒருத்தர கேக்குறதில்ல, முட்டிக்கிட்டா முட்டிக்கிட்டதுதான், அதனாலதான் ஒவ்வொண்ணும் ஒரே சேதிய மூணு நாலு தடவ திருப்பித் திருப்பி அனுப்புது.

நான் அதிகமா நேரம் போக்குனது விமானத்துல. டம்ப்1090னு ஒரு சாஃப்ட்வேர் போட்டா, மேல போற பெரும்பாலான விமானம் மேப்ல நகரும், இன்டர்நெட் வேணாம், நேரா விமானத்துலேர்ந்து உங்க குச்சிக்கு. இதுக்கான கருவி வெச்சிருக்குற ஒவ்வொரு விமானமும் தான் எங்க இருக்கேன்னு செகண்டுக்கு ரெண்டு தடவ சொல்லிக்கிட்டே போகுது. ஒரு சேதி மொத்தம் 120 மைக்ரோசெகண்ட்தான். மொத 8 மைக்ரோசெகண்ட் "கவனி, சேதி வருது"ன்னு ஒரு தட்டு, அப்புறம் 112 பிட். ஒரு பிட்டுக்கு ஒரு மைக்ரோசெகண்ட், அதுல முதல் பாதில துடிப்பு வந்தா 1, ரெண்டாவது பாதில வந்தா 0. அந்த 112-க்குள்ள விமானத்தோட 24 பிட் அடையாள எண், உயரம், இடம், கடைசில சேதி கெட்டுப்போச்சான்னு சரிபார்க்க இன்னொரு 24 பிட். நம்ம குச்சிய செகண்டுக்கு 20 லட்சம் தடவ அளக்க விட்டா ஒரு பிட்டுக்கு ரெண்டே ரெண்டு அளவுதான் கெடைக்குது, பாதிக்கு ஒண்ணு, அவ்ளோதான். அதுலயே விமானத்த புடிச்சிருது. ஜன்னல் ஓரமா வெச்சா அந்தப் பக்கத்து விமானம் மட்டும்தான் வரும், இந்த அதிர்வெண் சுவரு தாண்டி ரொம்ப வராது. மாடில திறந்தவெளில வெச்சா, 10 கிலோமீட்டர் உயரத்துல பறக்குறது கணக்குப்படி 400 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் நேர்கோட்டுல இருக்கும்.

இப்ப குறை. இதோட பெரிய பலவீனம் 8 பிட், அதாவது சிக்னலோட ஒவ்வொரு அளவையும் 256 படிக்குள்ளதான் குறிச்சு வெக்கும். ஒரு பிட்டுக்கு 6 டெசிபல்னு கணக்கு வெச்சா 48 டெசிபல் வரும், அதாவது இருக்குறதுலயே பலமான சிக்னலையும் அதவிட சுமார் 60 ஆயிரம் மடங்கு வீக்கான சிக்னலையும் ஒரே நேரத்துல பாக்கலாம். கேக்க பெருசா இருக்கு, நெஜத்துல பத்தாது. பக்கத்து எஃப்எம் டவர் ஒண்ணும் தூரத்து விமானி பேச்சும் அதவிட பல மடங்கு வித்தியாசத்துல வரும். சந்தைக்கடையில லவுட்ஸ்பீக்கர் பக்கத்துல நின்னுக்கிட்டு அந்த மூலைல முணுமுணுக்குறத கேக்குற கதைதான். சரி கெயின, அதாவது சிக்னல எவ்வளவு பெருக்கணுங்கிறத, ஏத்துவோம்னு கடைசி வரைக்கும், அதாவது 49.6 டெசிபல் வரைக்கும் தள்ளினா வீக்கான சிக்னல் வராது, மாறா விமானி பேசுற எடத்துல சினிமா பாட்டு கேக்கும். அது அங்க இல்லவே இல்ல, ட்யூனர் திணறி உள்ளுக்குள்ள தானே உற்பத்தி பண்ணுற பேய் ஸ்டேஷன். கெயின கொறச்சா பேய் ஓடிரும், வேணும்கறது தெளிவா வரும். 88லேர்ந்து 108 வரைக்கும் வெட்டி எறியுற எஃப்எம் ஃபில்டர் ஒண்ணு தனியா வாங்கி மாட்டினா இன்னும் உத்தமம்.

இது இந்த குச்சிக்கு மட்டும் உள்ள பிரச்சனை இல்லைங்க, அதான் விஷயமே. ஒயர்லெஸ்ல அனுப்புறது சுலபம், கேக்குறதுலதான் அத்தன கஷ்டமும். போன்ல நாலு கோடு ஃபுல்லா காட்டுது ஆனா நெட் நகர மாட்டேங்குதுன்னு பொலம்புறோமே, பல நேரம் சிக்னல் பலமாதான் இருக்கும், கூட வர்ற இரைச்சலும் மத்தவங்க சிக்னலும் அதே பலத்துல வரும். பலம் பெருசில்ல, இரைச்சலுக்கும் சிக்னலுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெருசு.

அந்த இரைச்சல் எங்கேர்ந்து வருதுன்னும் இதுலயே பாக்கலாம். திரைல சம இடைவெளில வேலி நட்ட மாதிரி கோடு கோடா ஒரு கூட்டம், மெதுவா ஒரு பக்கமா நகந்துக்கிட்டே இருந்துச்சு. லேப்டாப் சார்ஜர புடுங்கினேன், மொத்தமும் போச்சு. சொருகினேன், திரும்ப வந்துச்சு. எல்இடி பல்பு, மலிவு அடாப்டர், யூஎஸ்பி 3 ஹப்னு வீட்டுல இருக்குற பாதி சாமான் வேண்டாத ட்ரான்ஸ்மிட்டர்தான். குச்சிய நேரா லேப்டாப்புல சொருகாம ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு தள்ளி வெச்சாலே பாதி பிரச்சனை தீரும். அப்புறம் இந்த குச்சியே கொஞ்சம் கத்தும், உள்ள தாளம் போடுற கிரிஸ்டல் 28.8 மெகாஹெர்ட்ஸ், அதோட மடங்கு எல்லாத்துலயும், உதாரணத்துக்கு 144-ல, ஒரு பொய்க்கோடு நிக்கும். ஏதோ ஏலியன் சிக்னல்னு குதிக்காதீங்க.

இரைச்சல் எவ்வளவு பெரிய விஷயம்னா, 1400லேர்ந்து 1427 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உலகத்துல எவனும் எதையும் ஒலிபரப்பவே கூடாதுன்னு சர்வதேச விதி இருக்கு. 1420.4-ல விண்வெளில இருக்குற ஹைட்ரஜன் தானாவே ரேடியோ அலை விடுது, வானியல் ஆளுங்க அத கேக்கணும். நல்ல டிஷ்ஷும் நல்ல முன்பெருக்கியும் இருந்தா இந்த மலிவு குச்சியிலயே பால்வீதியோட அந்த சிக்னல பல அமெச்சூர்கள் எடுத்திருக்காங்க. நான் இன்னும் அந்தப் பக்கம் போகல, டிஷ் வெக்க எடம் இல்ல. ஜிபிஎஸ் இன்னும் வேடிக்கை, 20,200 கிலோமீட்டர் மேலேர்ந்து வர்ற சிக்னல் இரைச்சலுக்கும் கீழ புதைஞ்சுதான் வருது, திரைல ஒண்ணுமே தெரியாது. என்ன கோட் வரும்னு ரிசீவருக்கு முன்னாடியே தெரியுங்கிறதால, அத வெச்சு பொருத்திப் பாத்து தோண்டி எடுத்துருது.

எதிர்பாத்து ஏமாறக்கூடாதது: வைஃபை, ப்ளூடூத் ரெண்டும் இதுல தெரியாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் இதோட எல்லைக்கு வெளில. மொபைல் டவரோட 800, 900 பக்கம் போகலாம், ஆனா 10 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி) சிக்னல்ங்கிறது 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளில 600 சின்ன கேரியர் ஒட்டி நிக்கிற ஒரு மதில், அதுல கால்வாசிதான் நம்ம ஜன்னல்ல தெரியும். பேச்செல்லாம் என்கிரிப்ட் ஆனது, கேக்க முடியாது, முடியவும் கூடாது. பழைய வீடியோக்கள பாத்து அமெரிக்காவோட நோவா வானிலை சாட்டிலைட் அனுப்புற படம் எடுக்கலாம்னு வாங்குறவங்களுக்கு, அந்த கடைசி சாட்டிலைட்டுகள 2025-ல நிறுத்திட்டாங்க. இப்ப ரஷ்யாவோட மீட்டியார் தான் கதி, 137.9 மெகாஹெர்ட்ஸ்ல.

இதெல்லாம் பொழுதுபோக்குதானேன்னு ஒருத்தர் கேட்டார். கப்பல்கள் 162 மெகாஹெர்ட்ஸ்ல ஏஐஎஸ்னு இதே மாதிரி தன் இடத்த சொல்லிக்கிட்டே போகுது, சர்வதேச பயணம் போற 300 டன்னுக்கு மேல உள்ள கப்பலுக்கு அது கட்டாயம், மூடுபனில ரெண்டு கப்பல் மோதாம இருக்க அது ஒரு முக்கிய காரணம். ஆபத்துல மாட்டினவங்களோட பீக்கன், அதாவது உதவி கேக்குற சின்ன ட்ரான்ஸ்மிட்டர், 406 மெகாஹெர்ட்ஸ்ல சாட்டிலைட்ட கூப்பிடுது. புயல்ல கேபிளும் டவரும் விழுந்தாலும் ஒரு பேட்டரி ரேடியோ போதும் சேதி கேக்க. இதெல்லாம் நடக்குறது ஒரே பொதுவான வெளியில, ஒருத்தன் கன்னாபின்னான்னு கத்தினா இன்னொருத்தன் உயிர் போகலாம்.

வாங்கும்போது பாக்க வேண்டியது: டிசிஎக்ஸ்ஓ கிரிஸ்டல் இருக்கணும், அதாவது சூடு மாறினாலும் தாளம் தவறாம சரி பண்ணிக்கிற கிரிஸ்டல். அது இல்லாத மலிவு குச்சி 50 பிபிஎம் (பத்து லட்சத்துல 50 பங்கு) விலகினா 100 மெகாஹெர்ட்ஸ்ல 5 கிலோஹெர்ட்ஸ்தான் தப்பும், ஆனா 1090-ல 54 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போயிரும், சூடாக சூடாக இன்னும் நகரும். உலோக உறை நல்லது, தொட்டா சுடும், அது சகஜம். எஸ்எம்ஏங்கிற திருகு கனெக்டர் இருந்தா மத்த ஆன்டெனா மாட்ட லேசா இருக்கும். ஜன்னல்ல தெரியுற முழு 2.4 மெகாஹெர்ட்ஸையும் ரெக்கார்ட் பண்ணா ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிபி சாப்பிடும், டிஸ்க்க பாத்துக்கங்க. எத கேக்கலாம் எத கேக்கக்கூடாதுங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், உங்க ஊர் சட்டத்த ஒரு தடவ படிச்சுட்டு ஆரம்பிங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார், அந்த ஒரு ஸ்டார் 8 பிட்டுக்காக புடிச்சு வெச்சிருக்கேன்.