மாறாமலைப் பாதையில் மூன்று வருடம்: என் பின்பக்க ஷாக் படுத்திய பாடு

என் பைக் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. 2022-ல் எடுத்தேன், இப்போது 31,000 கி.மீ. தாண்டிவிட்டது. அதில் பாதியாவது தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, மாறாமலை என்று கன்னியாகுமரி மாவட்டத்து மலைப்பக்கம் ஓடியதுதான். சாகசமெல்லாம் இல்லை. கிராம்பும் நல்லமிளகும் வாங்கி விற்கிறவன் நான். ஏறும்போது நான் மட்டும், இறங்கும்போது பின்னால் ஒரு சாக்கு.

வண்டியோடு வந்த ஷாக்கில், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில், பின்சக்கரம் 170 மி.மீ. ஏறி இறங்கும். ஸ்பிரிங்கை இறுக்கப் பத்துப் படி உண்டு, வேறு திருகு கிடையாது. என் எடை 86 கிலோ. ஹெல்மெட், பூட்ஸ், பை சேர்த்தால் 96. அந்த எடையோடு எஸ்டேட் பாதையின் உருட்டுக்கல்லில் இறங்கினால் பின்பக்கம் அடிவரை போய் 'டொக்' என்று முட்டும். வண்டியைக் குற்றம் சொல்ல முடியாது, தீனி என்னுடையது.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: விலை கூடிய ஷாக் ஒன்றை வாங்கினேன். பக்கத்தில் எண்ணெய்க் குப்பி, கம்ப்ரெஷனுக்கு (ஷாக் அமுங்கும் வேகத்துக்கு) ஒரு திருகு, ரீபவுண்டுக்கு (அமுங்கியது நிமிரும் வேகத்துக்கு) ஒரு திருகு. கூட வந்த ஸ்பிரிங் எத்தனை கிலோ ஆளுக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. ஆறு மாதம் திருகைத் திருகிக்கொண்டே இருந்தேன். முட்டுவது நிற்கவில்லை. ஸ்பிரிங்கைக் கடைசிவரை இறுக்கினேன். இப்போது முட்டுவதோடு உதைக்கவும் செய்தது.

கடைசியில் நாகர்கோவில் வடசேரியில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை, தையல் டேப்பை எடுத்தார். பின்சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, ஆக்ஸிலிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒட்டிய டேப் துண்டு வரை அளந்தார்: 612 மி.மீ. வண்டி தன் எடையில் நின்றபோது 606. பூட்ஸும் பையுமாக நான் ஏறி உட்கார்ந்தபோது 550.

"ஆளு ஏறுனா, சக்கரம் ஏறி இறங்குற மொத்த ஓட்டத்துல மூணுல ஒரு பங்கு இறங்கணும் மக்கா. உனக்கு அம்பத்தாறு வரணும், அறுபத்திரண்டு வருது. அதுகூடப் பரவாயில்ல. வண்டி சும்மா நிக்கும்போது ஆறுதான் இறங்குது, பாத்தியா? அதுதான் சங்கதி."

"அதான் நல்லா இறுக்கி வச்சிருக்கேனே அண்ணே."

"இறுக்குனா வண்டி பொங்கும், ஸ்பிரிங்கு கட்டியாவாது, கேட்டியா."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஸ்பிரிங் என் எடைக்கு மெலிவு. அதை மறைக்க இறுக்கி இறுக்கி, சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தையும் தின்றுவிட்டேன். பள்ளம் வந்தால் சக்கரம் கூடவே இறங்கித் தரையைப் பிடிக்க வேண்டும், 6 மி.மீ. மிச்சம் வைத்தால் எங்கே இறங்கும்? அந்தரத்தில் தொங்கும். உதைப்பதாக நான் நினைத்ததில் பாதி அதுதான். இதே கணக்குத் தலைகீழாகவும் வரும்: ஆள் ஏறும்போது அளவு சரி, ஆனால் வண்டி மட்டும் நிற்கையிலேயே நிறைய இறங்குகிறது என்றால் ஸ்பிரிங் எடைக்குக் கூடுதல் கட்டி.

ஒரு படி கட்டியான ஸ்பிரிங் வரவழைத்துப் போட்டோம். இறுக்கத்தைத் தளர்த்தி அளந்தால் வண்டி மட்டும் நிற்கையில் 14 மி.மீ. இறக்கம், நான் ஏறினால் 56. ஷாக் விலையோடு பார்த்தால் ஸ்பிரிங் காசு ஒன்றுமே இல்லை. அந்த ஆறு மாதத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அதற்கப்புறம்தான் ரீபவுண்டு திருகுக்கு அர்த்தமே வந்தது. முழுக்க மூடி, அங்கிருந்து திறந்துகொண்டே க்ளிக் எண்ண வேண்டும்; எண் கூடினால் ஷாக் வேகமாக நிமிரும். 12-ல் வைத்தால் புது ஸ்பிரிங் குதித்தது. 7-க்குக் கொண்டுவந்தேன். ஏற்றத்தில் வெட்டுக்கல் படிபோல வரிசையாக வரும் ஓர் இடம் உண்டு. முதல் மூன்று படி வெண்ணெய் மாதிரி போனது, நாலாவதில் 'டொக்'. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் ஷாக் நிமிர நேரமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிவிடுகிறது. 9-ல் வைத்தேன், நின்றது. ஒரு தடவைக்கு ஒரு திருகு, அதே இடம், அதே வேகம். டயர் காற்றும் அதேதான், எனக்கு 20 பி.எஸ்.ஐ.

சாக்கு ஏற்றும்போது ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்குவேன். மகளின் நெயில் பாலிஷால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்: வெள்ளை சும்மா போக, சிவப்பு சாக்கோடு.

குறை இல்லாமல் இல்லை. பின்பக்கம் உயர்ந்ததில் என் ஐந்தடி ஐந்தங்குலத்துக்குக் கால் நுனிதான் எட்டுகிறது. 825 மி.மீ. சீட்டே எனக்கு அதிகம். அதனால்தான் பின்சக்கரம் 220 மி.மீ. ஏறி இறங்கும் ரேலி கிட் (ஹீரோவே விற்கும் உயரமான சஸ்பென்ஷன் செட்) பக்கம் போகவில்லை. இரண்டாவது இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் சேறு ஷாக்கின் தண்டில் காய்ந்து, எண்ணெயை அடைக்கும் ரப்பர் சீலைக் கிழித்தது, எண்ணெய் கசிந்தது. இப்போது சக்கரத்துக்கும் ஷாக்குக்கும் நடுவே பழைய டியூபை வெட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஏறி இறங்கி வந்ததும் தண்டைத் துணியால் துடைப்பேன். பிரஷர் வாட்டர் அந்தப் பக்கமே காட்டுவதில்லை.

போன வாரம் மச்சினன் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, "என்ன அத்தான், கட்டை மாதிரி இருக்கு" என்றான். அவன் 58 கிலோ. தன் வண்டிக்கும் இதே ஷாக்தான் வேண்டுமாம். டேப்போடு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.