கோப்பிக் காசு வாங்காத டிரைவிங் வாத்தியார், சுங்கை சிப்புட், மலேசியா

என் மகளுக்குக் கார் லைசன்ஸ் எடுக்க விசாரித்தபோது, ஓர் இடத்தில் கவுண்டரில் இருந்தவர் கூச்சமே இல்லாமல் இரண்டு விலை சொன்னார். ஓட்டித் தேறினால் ஒரு விலை, "கோப்பி"யோடு, அதாவது லஞ்சத்தோடு, இன்னொரு விலை. எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் போனது டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் அரைக் கடை வைத்திருக்கும் இந்த வாத்தியாரிடம். எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். "ஒரே விலைதாம்மா. கோப்பி குடிக்கணும்னா எதிரே கடை இருக்கு" என்றார். 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கண்ணாடிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்: வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. 20 ஆண்டு வரை சிறை. லஞ்சத்தின் 5 மடங்கு அல்லது 10,000 வெள்ளி (ரிங்கிட்), எது அதிகமோ குறைந்தது அவ்வளவு அபராதம்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடை போடும் இடத்தில் வேலை பார்க்கிறவள். இந்த விஷயம் எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் லாரிக்காரர் ஜன்னலில் ஒரு சிகரெட் பாக்கெட்டை மறந்து வைத்துவிட்டுப் போவார். அடுத்த வாரம், "அக்கா, ஒரு அம்பது கிலோ பார்த்துப் போடுங்க." அதனால்தான் கதவில் ஒட்டியதைப் பார்த்த மாத்திரத்தில் மனுஷனை நம்பிவிடவில்லை.

சந்தேகம் இன்னொரு பக்கமும் இருந்தது. எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. இவரோ தான் வைக்கும் பயிற்சித் தேர்வில் 46 வாங்காதவர்களுக்குத் தேர்வுத் தேதியே போடமாட்டார். காரிலும் அதே கதை, "இன்னும் ஆகலை" என்பார். கூடுதல் வகுப்பு போட்டுக் காசு பிடுங்கும் வழி என்றே நினைத்தேன். கடைசியில் கூடுதல் வகுப்புகளுக்குப் பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

சொல்லித் தரும் விதம் பொறுமையானது. மேட்டில் மஞ்சள் கோட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளம்ப வேண்டும் அல்லவா? அதற்கு முதலில் ஹேண்ட் பிரேக்கைத் தொடவே விடமாட்டார். கிளட்ச்சை மெல்ல விட்டு, காரின் மூக்கு லேசாகத் தூக்குவதை உடம்பால் உணரச் சொல்வார். அது பிடிபட்ட பிறகுதான் மற்றதெல்லாம். திடலில் சரியானதும் லிந்தாங் சாலைக்குக் கூட்டிப்போய், செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி வரவேண்டும் என்று காட்டுவார். டெஸ்ட்டில் அதை யாரும் கேட்பதில்லை.

குறைகளும் உண்டு. வண்டி "கஞ்சில்" என்ற பழைய சின்னக் கார், ஏர்கோன் பேருக்குத்தான். ஆட்டோ கியர் வகுப்பு கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்ற வரும் நேரம் சொன்ன நேரமாக இருக்காது. குரலும் பெரிது, என் மகள் ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாள். கேட்டதற்கு, "ரோட்டுல லாரிக்காரன் இதைவிடக் கத்துவான்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை, அவரிடமே சொன்னேன். ஒரு வாரம் குரலைக் குறைத்துக்கொண்டார்.

தயாராகாதவர்களுக்குத் தேதி போடாததால் அவருக்கு நஷ்டம்தான். அடுத்த மாதம் வேன் ஓட்டும் வேலைக்குச் சேரவேண்டும் என்று வருகிறவர்கள், தேதி போடமாட்டார் என்றதும் வேறு இடம் போய்விடுகிறார்கள். அவசரக்காரர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். மற்றவர்கள் சனிக்கிழமை காலை வகுப்புக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போன் எடுக்கமாட்டார், வாட்சாப்பில் எழுதுங்கள்; பதில் ராத்திரிதான் வரும்.