சீசன் டிக்கெட் எடுக்கலாமா? எங்கள் ஆர்கெஸ்ட்ராவும் அதன் விருந்தினர்களும்

எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் இந்த சீசனில் முதல் கச்சேரி முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு பாக்கி. நான் அதில் வாசிப்பவன் இல்லை, மூன்று வருஷமாக சீசன் டிக்கெட் எடுத்துக் கேட்பவன், அந்த உரிமையில்தான் 'எங்கள்' என்கிறேன். பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு வாரத்தில் ஒரு மாலை ஒத்திகைக்கு வந்து சேருகிறவர்கள்தான் இதில் வாசிக்கிறார்கள். கான்செர்ட்டோவுக்கு, அதாவது ஒரு தனி வாத்தியம் முன்னால் நிற்க ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கும் படைப்புக்கு மட்டும், தொழில்முறைக் கலைஞர் ஒருவரை விருந்தினராக அழைப்பார்கள்.

முதல் கச்சேரியில் மெண்டல்சனின் ஈ மைனர் வயலின் கான்செர்ட்டோ. 1845-இல் லைப்ஸிக்கில் அரங்கேறியது. இதில் ஆர்கெஸ்ட்ரா நீளமாக முன்னுரை பாடி முடிக்கட்டும் என்று வயலின் காத்திருக்காது, ஆரம்பித்த கையோடு உள்ளே வந்துவிடும். முதல் பகுதி பெரிய சத்தத்தோடு முடியும்போது எல்லா வாத்தியமும் நின்றுவிட, பசூன் என்ற அடிக்குரல் மரக்குழல் மட்டும் ஒரே ஒரு சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு அது அரை சுரம் மேலே ஏறும், அங்கிருந்துதான் மெதுவான இரண்டாம் பகுதி பிறக்கும். அன்று அந்த இடத்தில் நாலைந்து பேர் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பசூன் வாசிக்கும் பெரியவர் அசையவே இல்லை. கன்னம் சிவக்க அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார், கைதட்டல் தானாக அடங்கிற்று, அப்புறம்தான் மேலே ஏறினார். விருந்தினராக வந்த வயலின் கலைஞர் வில்லைத் தாழ்த்தி அவர் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பார்வை சும்மா வந்ததில்லை. அந்த வயலின் கலைஞர் மூன்று ஒத்திகைக்கு வந்திருக்கிறார். போன வருஷம் வந்த பியானோ கலைஞர் இவரைவிடப் பெயர் பெற்றவர், ஆனால் கச்சேரி அன்று காலையில்தான் வந்து சேர்ந்தார். கடைசிப் பகுதியில் அவர் ஒரு வேகத்தில் போக, ஆர்கெஸ்ட்ரா மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியது. தனி வாத்தியக்காரர் எங்கே கொஞ்சம் இழுப்பார், எங்கே முந்துவார் என்பது கூடவே உட்கார்ந்து பழகினால்தான் பிடிபடும். அதனால் விருந்தினரின் பெயரைவிட அவர் எத்தனை ஒத்திகைக்கு வருகிறார் என்பதைத்தான் நான் இப்போதெல்லாம் முதலில் விசாரிக்கிறேன்.

அடுத்தது மொஸார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோ, 1791-இல், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு அவர் எழுதி முடித்தது. ஆன்டன் ஷ்டாட்லர் என்ற நண்பருக்காக, சாதாரண கிளாரினெட்டைவிடக் கீழே இறங்கக்கூடிய பாஸெட் கிளாரினெட்டை மனதில் வைத்து எழுதினார். மூலப்பிரதி தொலைந்துபோய், பின்னால் அச்சில் வந்தபோது அந்தக் கீழ்ச் சுரங்களெல்லாம் மேலே தூக்கிவைக்கப்பட்டுவிட்டன. வரப்போகும் கலைஞர் பாஸெட் கிளாரினெட்டே கொண்டுவருகிறாராம். அந்த அடிக்குரலை நேரில் கேட்க இது நல்ல வாய்ப்பு. ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது. இதில் ஓபோ கிடையாது, டிரம்பெட் கிடையாது, டிரம் கிடையாது. இரண்டு புல்லாங்குழல், இரண்டு பசூன், இரண்டு ஹார்ன் (சுருண்ட பித்தளை ஊதுவாத்தியம்), மீதியெல்லாம் தந்தி வாத்தியம். இரண்டாம் வயலின் வரிசையில் ஒருவர் சுருதி பிசகினாலும் மறைத்துக்கொள்ள இடமில்லை, பார்க்க எளிதாகத் தெரியும் மொஸார்ட் இவர்களுக்குக் கஷ்டம் என்பது அதனால்தான். நல்லவேளை, இந்தக் கலைஞரும் ஒத்திகைகளுக்கு முன்கூட்டியே வர ஒப்புக்கொண்டிருக்கிறாராம்.

கடைசிக் கச்சேரியில்தான் எனக்கு மனத்தாங்கல். முன்பாதியில் த்வோர்ஷாக்கின் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய, கனத்த குரல் வாத்தியம்) கான்செர்ட்டோ, பின்பாதியில் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பொக்கிஷம். த்வோர்ஷாக் தன் மைத்துனி யோசெஃபீனா இறந்த செய்தி வந்த பிறகு முடிவைத் திருத்தி எழுதினார், அந்தக் கடைசிச் சில நிமிஷங்களில் செல்லோ அடங்கி அடங்கி விடைபெறும் இடத்துக்காக மட்டுமே நான் போவேன். ஏழாவது சிம்பொனி 1813-இல் வியன்னாவில் முதன்முதலாக ஒலித்தபோது இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். ஆனால் இரண்டையும் ஒரே மாலையில் வைத்தால் ஹார்ன்காரர்கள் என்ன ஆவார்கள்? த்வோர்ஷாக்கில் முதல் பகுதியிலேயே ஹார்னுக்கு நீண்ட தனி மெட்டு உண்டு, பீத்தோவனில் உச்சத்திலேயே நின்று ஊத வேண்டும், இரண்டும் தலைக்குச் சுமார் நாற்பது நிமிஷம். உதடு தாங்க வேண்டாமா? இதில் டிராம்போன்காரர்களுக்குப் பின்பாதியில் வேலையே கிடையாது, ஏழாவதில் டிராம்போன் இல்லை. அதற்குப் பதிலாக ஷூபர்ட்டின் முற்றுப்பெறாத சிம்பொனியை வைத்திருக்கலாம். இரண்டே பகுதி, டிராம்போனும் உண்டு, ஹார்னுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இருக்கை விஷயம்: இடம் ஒதுக்குவதில்லை, முதலில் வருகிறவர்களுக்குத்தான். செல்லோ கச்சேரிக்கு மட்டும் சீக்கிரம் போய் நடுவில் முன்பக்கமாக உட்காருங்கள். பின்னால் இருந்தால் ஆர்கெஸ்ட்ராவின் சத்தத்தில் செல்லோ அமுங்கிப்போகிறது.

அப்புறம் இன்னொன்று. கையில் தரும் நிகழ்ச்சித் தாளில் விருந்தினருக்கு ஒரு முழுப் பக்கம், ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்த பசூன் பெரியவர் யார் என்று நான் நாலு பேரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த கச்சேரிக்குள் இதைச் சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சீசன் டிக்கெட் எடுக்கலாமா என்றால், தாராளமாக எடுக்கலாம். ஒன்றுக்குத்தான் போக முடியும் என்கிறவர்கள் கிளாரினெட் கச்சேரிக்குப் போங்கள்.